மழை நாளாப் பார்த்து வா, மருமகனே

போன வாரம் ஷா ஆலாம்லேர்ந்து கூப்பிட்டியே, "மாமா, கேமரன் மலையில ஒரு அபார்ட்மெண்ட் எடுத்துப் போடப் போறேன், படுத்துக்கிட்டே காசு பார்க்கலாம்"னு, அப்போ லைன் கட்டாயிடுச்சுன்னு சொன்னேன்ல? லைன் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் சிரிப்பு அடங்கல. உங்க அத்தை அடுப்படியிலேர்ந்து ஓடி வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்டா. "உன் மருமகனுக்குப் பணம் அதிகமாயிடுச்சாம்"னேன்.

படுத்துக்கிட்டே காசு வர்ற தொழில் இந்த மலையில இருந்திருந்தா, முப்பத்தெட்டு வருஷம் நான் எதுக்குய்யா விடியக்காலம் பெரட்டுக் களத்துல பல்லு கிடுகிடுக்க நின்னேன்? உங்க அத்தை எதுக்குக் கூடையைத் தலையில மாட்டிக்கிட்டுச் சரிவுல நிரை பிடிச்சா? நின்ன இடத்துலயே நின்னு பணம் சம்பாதிச்சது தேயிலைச் செடி ஒண்ணுதான். அதோட தலையையும் வெட்டிக்கிட்டே இருந்தாங்க.

கோவிச்சுக்காதே. நீ படிச்சவன். கேட்டதுக்குப் பதில் சொல்றேன், கேட்காததுக்கும் சொல்றேன். அதுக்குத்தானே மாமன்னு ஒருத்தனை வெச்சிருக்காங்க.

நம்ம குடும்பத்துலேயே நிலத்துல பணம் போடுற முதல் ஆள் நீதான்னு வேற பெருமை அடிச்சுக்கிட்டே. இல்லப்பா. உங்க தாத்தா உனக்கு முன்னாடியே போட்டுட்டார். சுதந்திரத்துக்கு அப்புறம் வெள்ளைக்காரக் கம்பெனிங்க தோட்டங்களை வித்துட்டுக் கிளம்ப, வாங்கினவங்க அதைத் துண்டு துண்டாக்கி வித்தாங்க. தோட்டத் துண்டாடல்னு அதுக்குப் பேரு. லயத்துல இருந்த ஜனம் மூட்டை முடிச்சோட ரோட்டுக்கு வந்துச்சு. 1960-ல துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சு, மாசம் பத்து வெள்ளி கொடுங்க, நூறு வெள்ளி சேர்ந்தா ஒரு பங்கு, துண்டு போடுறதுக்குள்ள தோட்டத்தை நாமளே வாங்கிடுவோம்னு தோட்டந் தோட்டமாப் போய்க் கேட்டார். அடுத்த வருஷமே கெடாவுல புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியும் காட்டினாங்க. உங்க தாத்தா அப்போ ரப்பர் மரம் வெட்டிக்கிட்டு இருந்தார். பத்து மாசம் பத்து பத்து வெள்ளியாக் கட்டி, அந்த ரசீதையெல்லாம் தகரப் பெட்டியில உங்கம்மா பிறப்புப் பத்திரத்துக்கு அடியில வெச்சிருந்தார். உன் பேங்க் ஆப்பைவிட அந்தப் பெட்டி பத்திரம். பாஸ்வேர்டு மறந்து போகாது.

எங்களுக்கு வீடுன்னா என்னன்னு தெரியணும்னா லயத்துலேர்ந்து ஆரம்பிக்கணும். வாடகை கிடையாது. கூரை போச்சுன்னா கிராணிகிட்ட எழுதிக் கொடுக்கணும், மழைக்காலம் முடிஞ்சதும் ஆள் வருவான். முப்பத்தெட்டு வருஷம் அந்த வீட்டுல இருந்தேன். மூணு பிள்ளை அங்கதான் பிறந்துச்சு. வேலையை விட்டு நின்ன அன்னைக்குக் கிராணி ஒரு நோட்டோட வந்து தாழ்ப்பாளை எண்ண ஆரம்பிச்சான். கதவு ரெண்டு, ஜன்னல் மூணு, தாழ்ப்பாள் நாலு. நோட்டுல அஞ்சுன்னு இருந்துச்சு. ஒண்ணு எந்த வருஷம் விழுந்துச்சோ, யாரு கண்டா. ஆறு வெள்ளி பிடிச்சுட்டாங்க. எந்தத் தோட்டம்னு கேட்காதே, அங்க டீ இன்னும் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கிராணிதான் எனக்கு வீட்டுக்காரத் தொழில் சொல்லிக் கொடுத்த குரு. இன்னைக்கு நான் வாடகைக்கு விடுற மாடியறைக்கு யார் வந்தாலும் சாவி கொடுக்கிறதுக்கு முன்னாடி தாழ்ப்பாள், ஸ்விட்ச், ஹீட்டர், கண்ணாடி எல்லாத்தையும் எண்ணி, போன்ல படம் பிடிச்சு, கையெழுத்து வாங்கிடுவேன். ஒரு பையன் கேட்டான், "என்ன தாத்தா, ஹோட்டல் மாதிரி இருக்கு?" "ஹோட்டல்ல நம்பிக் கொடுப்பாங்க தம்பி, நான் தோட்டத்துல படிச்சவன்"னேன்.

இப்போ நிலத்துக்கு வருவோம்.

இந்த மலைக்குப் பேரு கொடுத்த வில்லியம் கேமரன், 1885-ல அளக்க வந்த சர்வேயர். மலையைப் பார்த்தார், ரிப்போர்ட் எழுதினார், எங்க இருக்குன்னு மேப்புல சரியாக் குறிக்காமப் போயிட்டார்னு சொல்வாங்க. பேரே அளவு விட்டுப்போன ஊர்யா இது. தாப்பாவுலேர்ந்து ஏறினா ஏறுறது பேராக், இறங்குறது பகாங். உன் புரோக்கர் "பக்கத்துலதான் அண்ணே"ன்னு காட்டுற நிலம் எந்தக் காகிதத்துல இருக்குன்னு நீதான் கேட்கணும்.

நிலத்தோட கிராண்ட்டுல பேரு யாரு? அதைப் பார்த்துட்டு மூடிடாதே. என்ன நிலம்னு போட்டிருக்கும், பாரு. விவசாயம்னு எழுதியிருக்கிற நிலத்துல மூணு மாடி கட்டி, வாசல்ல ஸ்ட்ராபெரி தொட்டி வெச்சா அது வீட்டு நிலம் ஆயிடாது. 99 வருஷக் குத்தகைன்னா மீதி எத்தனை வருஷம்? நீ முப்பது வருஷ லோன் எடுக்கிறே, நிலத்துக்கு ஆயுசு நாப்பதுதான் பாக்கின்னா, லோன் முடிஞ்சு நீ யாருக்கு விக்கப் போறே? விக்கிறதுக்கு மாநில அரசாங்கத்தோட சம்மதம் வேணும்னு ஒரு வரி இருக்கும், அது சின்ன எழுத்து. மனு போட்டுட்டுக் காத்திருக்கணும். அப்புறம் நிலத்தைக் கை மாத்தக் கூடாதுன்னு யாராவது கேவியட் போட்டிருக்காங்களான்னு பாரு. தனியாள் போட்ட கேவியட் ஆறு வருஷம் உட்கார்ந்திருக்கும், வீட்டு வாசல்ல படுத்த நாய் மாதிரி. இதெல்லாம் லேண்ட் ஆபீஸ்ல கொஞ்சக் காசு கட்டி சர்ச் எடுத்தா ஒரு தாள்ல வந்துடும். காடிக்கு ஸ்போர்ட் ரிம் வாங்க மூணு கடை ஏறி இறங்கினவன் நீ, இதுக்கு ஒரு ஆபீஸ் ஏற மாட்டியா?

அடுத்தது டி.ஓ.எல். இந்த வார்த்தையைக் காதுல வாங்கினா உடனே பசிக்குதுன்னு சொல்லி எழுந்து வந்துடு. தற்காலிகமா நிலத்துல இருக்க அரசாங்கம் கொடுக்கிற உரிமம் அது. வருஷா வருஷம் டிசம்பர் 31-ஓட அதுக்கு ஆயுசு முடியும். புதுப்பிச்சாத்தான் ஜனவரி உண்டு. இன்னொருத்தருக்குக் கை மாத்த முடியாது. உரிமக்காரர் செத்தா உரிமமும் அவரோடவே சுடுகாட்டுக்குப் போயிடும். 1965-ஆம் வருஷத்து தேசிய நிலச் சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு.

இவ்வளவு விவரமாப் பேசுறேனே, எங்க படிச்சேன்னு கேளு. எட்டாயிரம் வெள்ளி ஃபீஸ் கட்டிப் படிச்சேன். மேல கம்போங் ராஜா பக்கம் ஒருத்தர் கேரட்டு நிலம் "விக்கிறார்"னு சொன்னாங்க. காப்பிக்கடையில உட்கார்ந்து வெள்ளைத்தாள்ல கையெழுத்து. சாட்சி, ரோத்தி போடுற தம்பி. மாவு கையோட போட்டான், அந்த ரேகை இன்னும் தாள்ல இருக்கு. மூணாம் மாசம் அந்த மனுஷன் போய்ச் சேர்ந்துட்டார். துக்கத்துக்குப் போய் நான் அழுத அழுகையைப் பார்த்து, அவர் மேல இவருக்கு எவ்வளவு பாசம்னு ஊரே பேசிச்சு. எட்டாயிரம் வெள்ளிப் பாசம்யா! அத்தைக்கு இதுவரைக்கும் ரெண்டாயிரம்னுதான் தெரியும். நீயும் அப்படியே வெச்சுக்கோ.

ஆத்தோரமா வீடு, தண்ணிச் சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கலாம்னு ஒண்ணு காட்டினாங்கன்னியே. பெர்த்தாம் பள்ளத்தாக்குல இருக்கிறவங்ககிட்ட போய் அந்தச் சத்தத்தைப் பத்திக் கேளு. 2013 அக்டோபர் 23, விடியறதுக்கு ரொம்ப முன்னாடி, ரிங்லெட் சுல்தான் அபு பக்கார் அணையில தண்ணி திறந்து விட்டாங்க. அடை மழை. சரிவையெல்லாம் வெட்டித் தோட்டம் போட்டதுல மண்ணு பூரா அணைக்குள்ள இறங்கி, தண்ணி நிக்க இடமில்லாமப் போயிருந்துச்சு. சேறும் தண்ணியுமா வந்து வீட்டையும் காடியையும் தூக்கிட்டுப் போச்சு, உயிர் போச்சு.  மலையில நிலம் பார்க்கிறவன் அந்த இடத்தை மட்டும் பார்த்துட்டு வரக்கூடாது. மேல யாரு காட்டை வெட்டியிருக்கான், கீழ தண்ணி எங்க போகுதுன்னு அண்ணாந்தும் பார்க்கணும், குனிஞ்சும் பார்க்கணும். கழுத்து வலிச்சா அத்தை தைலம் தேய்ச்சு விடுவா.

உன் கணக்குத்தாளைப் பார்த்தேன். வாட்ஸ்அப்புல அனுப்பினியே, கலர் கலரா. ராத்திரிக்கு 250 வெள்ளி, மாசம் 30 ராத்திரி, ஆக 7,500. ஆஹா! அந்த 30 ராத்திரிக்கும் யாரு வர்றது? வெள்ளி, சனி ராத்திரி கியா ஃபார்ம் ரோட்டுல காடி நகராது, உண்மைதான். பள்ளி விடுமுறைன்னா பிரிஞ்சாங்குல சாப்பாட்டுக் கடையில நிக்க இடம் இருக்காது. செவ்வாய்க்கிழமை ராத்திரி வந்து பாரு. நாயும் நானும்தான் நடக்கிறோம், நாயும் சீக்கிரம் தூங்கப் போயிடுது. மாசத்துக்கு எட்டு ராத்திரின்னு வெச்சா 2,000. அதுல புக்கிங் கம்பெனி ஒரு கடி, கூட்டித் துடைக்கிற அக்காவுக்கு ஒரு கடி. போர்வை துவைச்சா இந்த மலையில மூணு நாள் காயாது, டோபிக்கு ஒரு கடி. மூணு லட்சம் வீட்டுக்கு ரெண்டு லட்சத்து எழுபதாயிரம் கடன், நாலு சதவீத வட்டி, முப்பது வருஷம்னா மாசம் 1,290 வெள்ளி பக்கம் வரும். அது செவ்வாய்க்கிழமைக்கும் சேர்த்து ஓடும். பெயர் மாத்துற முத்திரை வரி அஞ்சாயிரம், கடன் பத்திரத்துக்கு 1,350, லாயர் காசு தனி. அதுக்கெல்லாம் உன் தாள்ல கலர் தீர்ந்து போச்சு போல.

இன்னொண்ணு. அடுக்குமாடியில நீ வாங்குறது சுவத்துக்கு உள்ளே இருக்கிறதை. வெளியே இருக்கிறது எல்லாருக்கும். மாசாமாசம் பராமரிப்புக் காசு, அதுல பத்துல ஒரு பங்கு அதுக்கு மேல சிங்கிங் ஃபண்டுன்னு பெரிய ரிப்பேருக்கு. எல்லாரும் ஒழுங்காக் கட்டுறாங்களான்னு மேனேஜ்மெண்ட் ஆபீஸ்ல கேளு. பாதிப் பேர் கே.எல்.லயும் சிங்கப்பூர்லயும் இருந்துக்கிட்டுக் கட்டாம விட்டா, லிஃப்ட் நிக்கும், கூரை ஒழுகும், ஆறாவது மாடிக்கு உன் விருந்தாளி பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஏறிட்டு, இறங்கி வந்ததும் ஒரு ஸ்டார் போடுவான். அங்க தினவாடகைக்கு விடவே கூடாதுன்னு அவங்க தீர்மானம் போட்டிருந்தா அதோட முடிஞ்சுது கதை. மோன்ட் கியாரா அடுக்குமாடி ஒண்ணுல வந்த வழக்குல, அப்படித் தடை போட நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டுன்னு 2020-ல கூட்டரசு நீதிமன்றமே சொல்லிடுச்சு.

வீட்டை எப்படிப் பார்க்கணும் தெரியுமா? புரோக்கர் உன்னை நேரா பால்கனிக்குக் கூட்டிட்டுப் போவான். போகாதே. தேயிலை மலை எங்கேயும் ஓடாது, போ டீத் தோட்டம் 1929-லேர்ந்து அங்கேயேதான் இருக்கு. நீ படுக்கையறை அலமாரிக்குப் போ. கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு மூச்சை இழு. ஈரக் கோணிப்பை வாடை வந்துச்சுன்னா சுவத்துக்குள்ள தண்ணி இருக்கு. அலமாரியைக் கொஞ்சம் நகர்த்திப் பாரு, பின்னால கறுப்புப் புள்ளியா பூஞ்சணம் ஏறியிருக்கும். புதுப் பெயிண்ட் அடிச்சிருந்தா விரலால அழுத்து. என் மாடியறையில இருந்த ஒரு பையன் தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒரு மாசம் கழிச்சு வந்தான், கட்டிலுக்கு அடியில விட்டுட்டுப் போன தோல் செருப்புல பச்சைப் பச்சையா ரோமம் முளைச்சிருந்துச்சு. ஆட்டுக்குட்டி படுத்திருக்குன்னு பயந்துட்டான். காத்து வர ஜன்னலைத் திறந்து வைக்க ஆள் இல்லாத வீடு, இந்த மலையில வருஷத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் குடிக்கும்.

சரி, தினவாடகை வேண்டாம், மாசவாடகைக்கு விடுவோம்னு வந்துட்டேன்னு வெச்சுக்குவோம். மாசம் 1,000 வெள்ளி. முதல் வேலை ஒப்பந்தம். ரெண்டு மாச டெபாசிட், கரண்டு தண்ணிக்கு அரை மாசம், இது எல்லாருக்கும் தெரியும். ஸ்டாம்ப் அடிக்கிறது மட்டும் யாருக்கும் தெரியாது. ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு வருஷ வாடகையில ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் ஒரு வெள்ளி. 12,000-க்கு 48 வெள்ளி. முன்னாடி முதல் 2,400-ஐக் கழிச்சுப்பாங்க, 2025-லேர்ந்து அந்தச் சலுகையும் போச்சு. 48 வெள்ளிதானே, அது எதுக்குன்னு விட்டுட்டா, கோர்ட்டுல அந்தத் தாளைக் காட்ட முடியாது. உன் வாடகைக்காரன் என்னமோ சொல்லுவான், நீ என்னமோ சொல்லுவே, நீதிபதி கடிகாரத்தைப் பார்ப்பார். மூணு வருஷத்துக்கு மேல விடுறதா இருந்தா அது வாடகை இல்லை, குத்தகை. லேண்ட் ஆபீஸ்ல பதியணும்.

வாடகை நின்னா என்ன பண்றதுன்னு நீ கேட்டே. கேட்டுட்டு நீயே பதிலும் சொன்னே: "பூட்டை மாத்திடுவேன் மாமா." அடேங்கப்பா, வீரன்டா! ஒப்பந்தக் காலம் முடிஞ்சும் ஒருத்தன் உட்கார்ந்திருந்தாக்கூட கோர்ட்டு வழியாத்தான் அவனை எழுப்பணும்னு 1950-ஆம் வருஷத்துச் சட்டமே ஒண்ணு இருக்கு. நீ பூட்டை மாத்தி, கரண்டை வெட்டி, அவன் துணிமணியை வெளியே எறிஞ்சா, அவன் வழக்குப் போடுவான், வாடகை கொடுக்காதவன் வாதி ஆயிடுவான், நீ கூண்டுல நிப்பே. முறைப்படி போனா வழி இருக்கு. பன்னிரண்டு மாசம் வரைக்குமான பாக்கிக்கு அவன் சாமானை ஜப்தி பண்ண மனு போடலாம். காலம் முடிஞ்சும் போகாம இருந்த நாளுக்கு ரெட்டை வாடகை கேட்கலாம். எல்லாத்துக்கும் அந்த 48 வெள்ளித் தாள்தான் வேணும்.

பாக்கியோட ராத்திரியில ஆள் கம்பி நீட்டிட்டான்னா? 1967 மார்ச் 26, தாய்லாந்துப் பட்டு ராஜா ஜிம் தாம்சன் இங்க தானா ராத்தாவுல மூன்லைட் பங்களாவுல விருந்தாளியா இருந்தவர், மத்தியானம் சும்மா நடந்துட்டு வரேன்னு போனார். போலீஸ், பட்டாளம், ஒராங் அஸ்லி வழிகாட்டிங்கன்னு காட்டையே சலிச்சாங்க. இன்னைக்கு வரைக்கும் ஆள் கிடைக்கல. அவ்வளவு பெரிய மனுஷனே கிடைக்காத மலையில மூணு மாச வாடகை பாக்கிக்காரனை நீ எங்கே போய்த் தேடுவே?

தோட்டத் தவுக்கே ஒருத்தர் வருவார். "வீட்டை எனக்குக் கொடு, என் ஆளுங்க பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பாங்க, வாடகை டபுள்"னு சொல்வார். காதுல தேன் ஊத்தின மாதிரி இருக்கும். தொழிலாளிங்களைத் தங்க வைக்கணும்னா தொழிலாளர் இலாகா தங்குமிடச் சான்றிதழ் கொடுத்திருக்கணும். படுக்க ஆளுக்கு 3.6 சதுர மீட்டர் இடம், கட்டில், அலமாரின்னு விதி இருக்கு. உன் அபார்ட்மெண்ட்டை அளந்து பார்த்தா பன்னிரண்டு பேர்ல பாதிப் பேர் பால்கனியில நிக்கணும். அதுல பெர்மிட் இல்லாதவன் ஒருத்தன் இருந்து, குடிநுழைவுக்காரங்க ராத்திரி கதவைத் தட்டினா, இடத்துக்காரனுக்கும் தலைக்கு 5,000-லேர்ந்து 30,000 வெள்ளி வரைக்கும் அபராதம் போடலாம், உள்ளேயும் வைக்கலாம். எனக்கு அதுல இன்னொரு வருத்தமும் உண்டு. வங்காளதேசத்துப் பிள்ளைங்க, நேப்பாளத்துப் பிள்ளைங்க, நம்ம அப்பன் பாட்டன் கப்பல்ல வந்த மாதிரி வந்ததுங்க. ஒரு ரூமுல எட்டுப் பேர் தலைமாடு கால்மாடாப் படுத்திருக்கிறதைப் பார்த்தா, எண்ணின தாழ்ப்பாள் ஞாபகம் வருது. வாடகைக்கு விடு, வேண்டாங்கல. ஆனா பாஸ்போர்ட்டையும் பெர்மிட்டையும் நீயே கண்ணால பாரு, கட்டிலுக்குக் கட்டில் இடமும் விடு.

வரி சமாச்சாரம் எனக்குப் போர் அடிக்கும், சீக்கிரம் சொல்லிடறேன். நில வரி மே மாசத்துக்குள்ள, கதவு வரி வருஷத்துக்கு ரெண்டு தவணை. வர்ற வாடகையை வருமான வரியில காட்டு. கடன் வட்டி, நில வரி, கதவு வரி, இன்ஷூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் கழிக்கலாம். முதல் வாடகைக்காரனைப் பிடிக்கக் கொடுத்த புரோக்கர் காசைக் கழிக்க விடமாட்டாங்க. மூணு வருஷத்துக்குள்ள லாபத்துக்கு வித்தா லாபத்துல 30 சதவீதம் அரசாங்கத்துக்கு. நாலாவது வருஷம் 20, அஞ்சாவது 15. ஆறாவது வருஷத்துலேர்ந்து குடிமகனுக்கு ஒண்ணும் இல்லை. அதனால "ரெண்டு வருஷத்துல தட்டி விட்டுடுவேன் மாமா"ங்கிற பேச்சைக் காப்பிக்கடையோட நிறுத்திக்கோ.

இவ்வளவு சொல்லியும் வாங்கத்தான் போறே. உங்கம்மா பிடிவாதம் எனக்குத் தெரியாதா, அவ தம்பிதானே நான். சரி, வாங்கு. ஆனா வெயில் நாள்ல, புரோக்கர் காடியில, கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு வராதே. நவம்பர்ல வா, ரெண்டு நாள் விடாம அடிச்ச மழைக்கு அடுத்த நாளாப் பார்த்து. சர்ச் எடுத்த தாளைப் பையில வெச்சுக்கோ. ரிங்லெட்ல இறங்கினதும் முதல்ல நம்ம வீட்டுக்கு வந்து பசியாறிட்டுப் போகலாம். நான் ஒரு டார்ச் லைட்டும் ஒரு வாளியும் எடுத்துட்டு வரேன். டார்ச் அலமாரிக்குப் பின்னால பார்க்க. வாளி எங்க வைக்கணும்னு அந்த வீடே காட்டிடும்.

அந்த எட்டாயிரம் விஷயம் மட்டும் அத்தைகிட்ட வாயைத் திறந்துடாதே.